யானைக்கும் பச்சை காட்டிய பாலம்

அக்கா பெற்ற அரசியே,

ஏழு தடவை அழைத்தும் நீ போனை எடுக்கவில்லை. மூவுலகக் கணினி வரைகலை வகுப்புகளுக்கும் ஏகசக்கரவர்த்தியான உன் மாமன், மூச்சிரைக்க உன் அலுவலகத்துக்கு ஓடிவந்து இதை உன் மேசையில் எழுதிவைத்துப் போகிறேன்.

இன்று இரண்டாம் ஆண்டு வகுப்பில், நடைபாலத்தைச் சோதிக்க நான் வழக்கமாகத் தரும் மாதிரிக் கணினிக் கோப்பைத் திறந்தார்கள். பாரத்தைப் பாலம் தாங்கினால் அது பச்சை காட்டும், தாங்காவிட்டால் சிவப்பு. கடைசி வரிசைப் பெண் ஒருத்தி விளையாட்டாக ஒரு யானையின் எடையைப் பாலத்தில் ஏற்றினாள்.

"சார், ஆனை ஏறியும் பச்சையாவே இருக்கு. உங்க பாலத்துக்குப் பயமே இல்ல சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கோப்பின் உள்கணக்கைத் திறந்து பார்த்தேன்.

நாம் எடையைக் கிலோவில் போடுகிறோம். கோப்பு அதை விசையின் அலகான நியூட்டனாக எடுத்துக்கொள்கிறது. பத்தில் ஒரு பங்குதான் கணக்கில் ஏறுகிறது. எண்பது கிலோ மாமன் அதற்கு எட்டு கிலோக் குழந்தை. ஆறு வருடமாக இது என் கண்ணில் படவில்லை.

நீ படித்தபோதும் அதே கோப்பைத்தான் தந்தேன். நீ வடிவமைத்த பள்ளிக்கூட வாசல் நடைபாலத்தையும் அதில்தான் சோதித்ததாகப் பெருமையாகச் சொன்னாயே.

நாளைக் காலை திறப்பு. மறுபடி கணக்குப் போட்டுப் பாரம்மா. நீ வந்து சொல்லும்வரை முதல் படியின் குறுக்கே படுத்திருப்பேன். என்னைத் தூக்கிப்போட்டுவிட்டு யாரும் ஏறிவிட முடியாது. நான் எட்டு கிலோ இல்லை.

உன் பயந்தாங்கொள்ளி மாமன்