முப்பத்தாறு தட்டுத்துணிகள்

மார்ச் 2, வியாழன்

கட்டுரைக்கு ஏ பிளஸ். "உணவும் உடலும்: மாவோரிச் சமையலறையில் எது எதோடு சேரக்கூடாது." பதினோரு பக்கம். "உள்ளிருந்து எழுதியது போல இருக்கிறது" என்று ஓரத்தில் நெறியாளர் எழுதியிருக்கிறார். மூன்று தடவை படித்துவிட்டேன். பால்பவுடர் ஆலை வேலை முடிந்து வந்த என் கணவன் அஞ்சாயிடம் காட்டினேன். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே "ம்" என்றான். ஏ பிளஸுக்கு ஒரு "ம்"தானா?

மகள் லூலோங்குக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை. சும்மா சளிதான் என்கிறாள் குழந்தைகள் காப்பகத்துப் பெண். அவளுக்குச் சும்மாதான்.

மார்ச் 4, சனி

மராயேக்குப் போனேன். ஆற்றோரத்து மாவோரிகளின் ஊர்க்கூடம். என் ஆய்வேடு அதன் சமையலறையைப் பற்றியது. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் பின்கட்டில் நின்று சமைத்துப் போடுகிறவர்களைப் பற்றி யாரும் எழுதியதில்லை. முன்கட்டில் நின்று வரவேற்றுப் பேசுகிறவர்களைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். இது நல்ல விஷயம், எனக்குத் தெரியும். சரவாக்கிலிருந்து இங்கே பூர்வகுடியியல் படிக்க வந்து நாலு வருஷத்தில் இவ்வளவு நிச்சயமாக எதுவும் தோன்றியதில்லை.

ஆனால் ஊர்க்குழு கையெழுத்துப் போடாமல் ஒரு கேள்விகூடக் கேட்கக்கூடாது. குழு 26-ஆம் தேதி கூடுகிறது. அந்தப் படிவத்தைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 28. தவறினால் பதிவு போகும். பதிவு போனால் விசா போகும், மூன்று பேருக்கும்.

சமையலறைக்குப் பெரியவள் ஙாஹுயா ஆன்ட்டி. ஒரு மூட்டை உருளைக்கிழங்கைக் காட்டினாள். பத்து நிமிஷம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏய் சரவாக், தோலைச் சீவச் சொன்னா கிழங்கையே சீவித் தள்றியே! பன்னிக்கா சமைக்கிறோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். திட்டு விழுந்தால் உள்ளே சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஊரில் எங்கள் நீள்வீட்டிலும் அப்படித்தான்.

மார்ச் 11, சனி, மதியம்

வகுப்போடு மூன்று நாள் மராயேயில் தங்கல். பெரிய கூடத்தில் வரிசையாக மெத்தை போட்டு அறுபது பேர். மற்ற மாணவர்கள் குறட்டையைப் பற்றிப் புலம்புகிறார்கள். ஒரே கூரையின் கீழ் இருபத்தெட்டுக் குடும்பம் இருக்கும் நீள்வீட்டில் பிறந்தவளுக்கு இதெல்லாம் தாலாட்டு.

லூலோங்குக்குக் காலையில் காய்ச்சல். சோறு பரிமாறுகிற நேரமாகப் பார்த்து வாந்தி. சட்டை, கால்சட்டை, சாக்ஸ் எல்லாம் நனைந்துவிட்டது. மாற்றுத்துணியும் தீர்ந்தது. அவளைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டே பின்னால் ஓடி, எல்லாவற்றையும் வாஷிங் மெஷினில் போட்டுத் தட்டிவிட்டேன். இப்போது தூங்குகிறாள். நெற்றி சூடு குறைந்திருக்கிறது. அப்பாடா.

அதே நாள், சாயங்காலம்

மெஷினைத் திறந்தேன். லூலோங்கின் கால்சட்டை, தட்டு துடைக்கிற துணி ஒன்றோடு முறுக்கிக்கொண்டு வந்தது.

உள்ளே முழுக்கத் தட்டுத்துணிகள். அது சமையலறை மெஷின். மூடியில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. மூடி திறந்து கிடந்ததால் நான் பார்க்கவில்லை. இல்லை — பார்க்கவே தோன்றவில்லை. கை தானாகப் போட்டது.

வாயில் போவதைத் தொடுகிற துணியும் உடம்பைத் தொடுகிற துணியும் ஒரே தண்ணீரில் சேரக்கூடாது. என் கட்டுரையில் நாலாம் பக்கம். நானே எழுதியது. இங்கே ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

வெளியிலிருந்து ஆன்ட்டி கூப்பிட்டாள், "சரவாக்! துணி காஞ்சுதா இல்லையா?" கால்சட்டையையும் சட்டையையும் பையில் திணித்தேன். தட்டுத்துணிகளை உலர்த்தியில் போட்டேன். எடுத்தேன். மடித்தேன். இழுப்பறையில் அடுக்கினேன். முப்பத்தாறு.

சாக்ஸ் ஒன்றுதான் கிடைத்தது.

மார்ச் 12, ஞாயிறு

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 15, புதன்

காய்ச்சல் போய்விட்டது. காலையில் இரண்டு முட்டை சாப்பிட்டாள்.

வகுப்பில் மெரேயானா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த மராயே அவள் அப்பாவின் ஊர். "உனக்கு விஷயம் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். திங்கட்கிழமை கீழாற்று ஊர்க்காரர்கள் விருந்துக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் ஆன்ட்டி தட்டைத் துடைக்கத் துணியை உதறியிருக்கிறாள். குட்டி சாக்ஸ் ஒன்று மேசை மேல் விழுந்திருக்கிறது. வாத்து படம் போட்டது.

"வெக்கத்துல செத்தே போயிட்டாங்க ஆன்ட்டி. விருந்தாளிங்க ஒரு வார்த்தை பேசல. ஆனா யாரும் ரெண்டாவது தடவை சாப்பிடல."

"யாரோடதாம்?"

"யாரோடது? கஹுரங்கியோடதுதான். அந்த வாரம் துவைக்கிற முறை அவளோடது. சின்னப் பிள்ளை வேற வச்சிருக்கா. ஆன்ட்டி எல்லார் முன்னாடியும் கிழிச்சுட்டாங்க. சொந்தத் தங்கச்சி மகள்னுகூடப் பாக்கல. என்னோடது இல்லன்னு அவ கத்தினா, யார் நம்பறது? முறைப் பலகையில இருந்து தன் பேரையே அழிச்சுட்டுப் போயிட்டா."

"அய்யோ பாவம்" என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

மார்ச் 19, ஞாயிறு

யோசித்துவிட்டேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு சொல்லலாம். ஒரு வாரம்தானே. சொன்னால் அனுமதி போகும், விசா போகும், அஞ்சாயின் வேலை போகும். அனுமதி கிடைத்ததும் நேரே போய்ச் சொல்லிவிடுவேன். ஒளிப்பதா இது? இல்லை. தள்ளிப்போடுவது. வேறு வேறு.

அஞ்சாயிடம் சொன்னேன். தட்டைக் கழுவி வைத்தான். அப்புறம், "அந்தக் கட்டுரைக்கு எவ்வளவு மார்க் போட்டாங்க?"

சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. சிரிப்பு நின்றதும் அழுகை வந்தது. அவன் என்னைத் தேற்றவில்லை. "அந்தப் பொண்ணுக்கும் இந்த ஒரு வாரம் ஏழு நாள்தான், மயாங்" என்றான், என் பேரைச் சொல்லி.

மார்ச் 26, ஞாயிறு

போனது போலவே எழுதிவிடுகிறேன். மாற்றாமல்.

குழுவில் ஒன்பது பேர். தலைவர் ராவிரி, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நான் நன்றாகப் பேசினேன். உண்மையிலேயே நன்றாக. மாவோரியில் தொடங்கினேன், எங்கும் தடுக்கவில்லை. தலைகள் ஆடின. கையெழுத்துக்குப் பேனாவை எடுத்துவிட்டார் ராவிரி.

அப்போது ஆன்ட்டி என் பக்கம் கை நீட்டினாள். "நான் ஒண்ணு சொல்றேன். இந்தப் பொண்ணு மூணு நாளும் என் சமையலறையில நின்னா, இடுப்புல சீக்குப் பிள்ளைய வச்சுக்கிட்டு. சுத்தமான கை. கடல் தாண்டி வந்தவளுக்குத் தெரியுது. நம்ம வீட்டுல பொறந்தவளுக்குத் தெரியல. வெக்கக்கேடு."

நம்ம வீட்டுல பொறந்தவ. கஹுரங்கி.

எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. தைரியமெல்லாம் இல்லை. அந்தப் பாராட்டு உடம்பில் ஒட்டியது, எச்சில் மாதிரி. எழுந்தேன்.

"ஆன்ட்டி, அந்த சாக்ஸ் என் பொண்ணோடது."

கேட்கவில்லை போல. மறுபடி சொன்னேன். வாந்தி, மெஷின், உலர்த்தி, இழுப்பறை. மடிக்கும்போதே எனக்குத் தெரியும் என்பதையும். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன்.

மேசைக் கோடியில் ஒருவர் "பூ" என்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஆன்ட்டி என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தாள். "முப்பத்தாறு துணி. அத்தனையும் தரை துடைக்கப் போட்டாச்சு. அது போகட்டும், துணிதானே. என் தங்கச்சி பொண்ண நான் எப்படியெல்லாம் பேசினேன் தெரியுமா உனக்கு?"

ராவிரி பேனாவை மூடினார். "தப்பு யார் வேணா செய்வாங்க. நான்கூடப் பேருந்துல ஒரு பிள்ளைய விட்டுட்டுப் போயிருக்கேன். ஆனா பழி விழுந்தது எங்க மேல இல்லை. கஹுரங்கி மேல. அதனால வேணுமா வேணாமான்னு அவ சொல்லட்டும். அவ கையெழுத்துக்குக் கீழே நான் போடறேன்."

படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார். பேருந்துக்குக் காத்திருந்தேன். பசித்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

ஏப்ரல் 2, ஞாயிறு

கஹுரங்கி வீடு. கதவைத் திறந்தாள், இடுப்பில் பையன். உள்ளே வா என்று சொல்லவில்லை. என்னைவிட ஒரு வயது சின்னவளாக இருப்பாள்.

"என்ன புரொஃபசர். மன்னிப்புக் கேக்க வந்தியா, கையெழுத்துக் கேக்க வந்தியா?"

"ரெண்டும்" என்றேன். பொய் சொல்லத் தெம்பில்லை.

"இன்னைக்கு ஒண்ணுதான் கிடைக்கும். எதுன்னு நீயே சொல்லு."

படிவத்தைப் பைக்குள் வைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். "பதிமூணு நாள்" என்றாள். "எங்க ஆன்ட்டி எங்கூட பதிமூணு நாள் பேசல. கடையில என்னைப் பாத்தா அடுத்த வரிசைக்குப் போனாங்க. நானே யோசிக்க ஆரம்பிச்சுட்டேன், ஒருவேளை நான்தான் போட்டேனோன்னு. எம் புள்ளைக்கு வாத்து சாக்ஸே கிடையாது! போய் அலமாரியைத் தேடிப் பாத்தேன். பைத்தியக்காரி மாதிரி."

பையன் என் கம்மலைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் விரலை விடுவித்தாள். கதவை மூடினாள். அறைந்து சாத்தவில்லை, மூடினாள்.

ஏப்ரல் 9, ஞாயிறு

மராயேக்குப் போனேன். அனுமதி இல்லாவிட்டாலும் கிழங்கு சீவத் தடையில்லையே. புதுத் தட்டுத்துணிகள் முப்பத்தாறு வாங்கிப் போனேன், நீலக்கட்டம். ஆன்ட்டி எண்ணிப் பார்த்தாள். "பன்னிக்கு இன்னைக்குத் தோல் கம்மிதான்" என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 17, திங்கள்

பதினோரு நாள் இருக்கிறது. கஹுரங்கியிடமிருந்து ஒன்றும் இல்லை. நெறியாளர் வேறு தலைப்பு ஒன்று சொன்னார், நூலகத்திலேயே செய்துவிடலாமாம், யாருடைய கையெழுத்தும் வேண்டாமாம். வேண்டாம் என்றேன். ஏன் என்றார். "நான் எழுதப்போவது இதைத்தான்" என்றேன். வெளியே வந்த பிறகுதான் பயம் வந்தது. சரி, வரட்டும்.

ஏப்ரல் 22, சனி

மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம். கஹுரங்கி வந்தாள். நேரே முறைப் பலகைக்குப் போய், தன் பேரை எழுதினாள். திங்கள் துவைக்கும் முறைக்குப் பக்கத்தில் என் பேரை எழுதினாள். புதனுக்கும். வெள்ளிக்கும்.

"குளிர்காலம் முடியற வரைக்கும்" என்றாள். "அப்புறம் நீ எழுதற ஒவ்வொரு பக்கமும் முதல்ல எங்கிட்ட வரணும். உன் வாத்தியாருக்கு முன்னாடி. நான் வேணாம்னா வேணாம்."

"சரி."

"யோசிச்சு சொல்லுடி!"

"யோசிச்சாச்சு."

ஆன்ட்டி பாத்திரத்தோடு பாத்திரத்தை மோதவிட்டுக்கொண்டு நின்றாள். அவள் முதுகைப் பார்த்து கஹுரங்கி, "ஆன்ட்டி, எனக்குப் பொரிச்ச ரொட்டி மிச்சம் இருக்கா?" என்றாள். இருந்தது. ஆன்ட்டி அதைச் சூடாக்கி, பாகு ஊற்றி, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து வைத்தாள். பாகுக் கையோடு கஹுரங்கி கையெழுத்துப் போட்டதால் படிவத்தின் ஓரத்தில் ஒரு கறை. பரவாயில்லை, கையெழுத்து தெளிவாக இருக்கிறது. ராவிரியின் கையெழுத்து அதற்குக் கீழே.

ஏப்ரல் 24, திங்கள்

கொடுத்துவிட்டேன். நாலு நாள் முன்னாலேயே. பிறகு போய் இருபத்திரண்டு போர்வை துவைத்தேன். சரியான மெஷினில்.

மே 21, ஞாயிறு

கஹுரங்கியிடமிருந்து முதல் அத்தியாயம் திரும்பி வந்தது. ஒன்பது பக்கத்தில் நாலு பக்கம் குறுக்கே சிவப்புக் கோடு. "நாங்க இப்படிப் பேசவே மாட்டோம்." "இது யாரு?" "இந்த வாக்கியத்துக்கு மூச்சு வாங்குது." ஒரு மணி நேரம் கோபமாக இருந்தேன். அப்புறம் படித்தேன். நாலில் மூன்று அவள் சொன்னது சரி. நாலாவதற்குச் சண்டை போடப் போகிறேன்.

லூலோங் காப்பகத்திலிருந்து வந்ததும் என்னைப் பார்த்து மாவோரியில் "உட்கார், சாப்பிடு" என்று அதட்டினாள். உட்கார்ந்தேன்.

ஜூன் 18, ஞாயிறு

இரண்டாம் அத்தியாயத்தை கஹுரங்கி தன் வீட்டு மேசையிலேயே, என் எதிரிலேயே வைத்துப் படித்தாள். உள்ளே அவள் பையனும் லூலோங்கும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். பேனா ஓடாமல் ஒரே இடத்தில் நின்றது.

"இது யாரு, 'பங்கேற்பாளர் மூன்று'?"

"நீதான். பேரை மறைக்கணும். பல்கலைக்கழக விதி. உன் பாதுகாப்புக்காகத்தான்."

"திட்டும்போது என் பேரைச் சொல்லித்தானே திட்டினாங்க, அத்தனை விருந்தாளிங்க முன்னாடி? நல்லதா நாலு வார்த்தை சொன்ன எடத்துல மட்டும் நான் எதுக்கு மூணு?"

விதியில் ஒரு வழி இருக்கிறது. சம்பந்தப்பட்டவர் எழுதிக் கேட்டால் பேரைப் போடலாம். சொன்னேன். கேட்டு முடிப்பதற்குள் ஓரத்திலேயே எழுதிவிட்டாள், சிவப்பு மையில், முழுப்பேரும்.

வீட்டுக்கு வந்ததும் திருத்தினேன். கணினியில் ஒரே அழுத்தில் எல்லா இடத்திலும் மாற்றியிருக்கலாம். ஒவ்வொன்றாக மாற்றினேன்.

கஹுரங்கி தாகெரேய். இருபத்தாறு இடம்.