கம்பங்கொல்லையில் கட்டின படங்கள்

9.3.2025, ஞாயிறு. விழுப்புரம்.

இன்று மத்தியானம் கூடத்தில் இருந்தவர்கள்: என் மகன் சீனுவாசன். மருமகள் சித்ரா. பேத்தி ஆர்த்தி. சித்ராவின் அண்ணன் செல்வகுமார், கெடாரிலிருந்து பச்சை மல்லாட்டை, வேர்க்கடலைதான், கொண்டுவந்தவன். அப்புறம் வீரம்மாளாகிய நான், கண் ஆபரேஷன் பண்ணிக் கறுப்புக் கண்ணாடி போட்டவள். நாளைக்கு ஒருத்தரும் ‘எனக்குத் தெரியாது, நான் அங்க இல்ல’ என்று சொல்லக் கூடாது. அதற்காகத்தான் பெயர் எழுதி வைக்கிறேன்.

நான் கேட்டது ஒன்றுதான். “கண்ணு சரியாயிடுச்சி. டிவி பாக்கலாம்னு டாக்டரும் சொல்லிட்டாரு. நான் திண்டிவனத்துக்கு என் வூட்டுக்குப் போறேன்.”

சித்ரா சீனுவைப் பார்த்தாள். சீனு செல்வகுமாரைப் பார்த்தான். செல்வகுமார் மின்விசிறியைப் பார்த்தான்.

“அந்த வூட்ட சுத்தம் பண்ணி வச்சிருக்கோம்மா. வாடகைக்கு உடலாம்னு. நீ இனிமே எங்க கூடவே இரு” என்றான் சீனு.

“என் படமெல்லாம்?”

“எந்தப் படம்?”

“அலமாரியில அடுக்கி வச்சிருந்தேனே, சிடி.”

சித்ராதான் வாயைத் திறந்தாள். “அத்தை, அதெல்லாம் இப்ப யாரு பாக்கறாங்க? எல்லாந்தான் டிவிலயே வருதே. எங்கண்ணன் கொல்லையில குருவி ஓட்டறதுக்கு வேணும்னு கேட்டுச்சி. மூட்ட கட்டிக் குடுத்துட்டோம்.”

என் படங்கள். குருவி ஓட்ட. கம்பங்கொல்லையில், கயிறு கட்டி, தோரணம் மாதிரி.

ஆர்த்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, “நான் வேணாம்னுதான் சொன்னேன் ஆயா” என்றாள். சொன்னாளோ, இல்லையோ. இப்போதைக்குச் சொன்னாள் என்றே எழுதிக்கொள்கிறேன்.

10.3

சாப்பிட்டேன். பட்டினி கிடந்தால் கோபம் இளைத்துப்போகும்.

12.3, புதன்

‘ஒரு வயசானவங்களுக்கு எதுக்கு அத்தினி படம்?’ என்று சித்ரா போனில் யாரிடமோ சொல்லிச் சிரித்தாள். ஆபரேஷன் கண்ணில்தான். காதில் இல்லை.

எதற்கென்று எழுதுகிறேன்.

சீனுவின் அப்பாவுக்கு சினிமாப் பைத்தியம். திண்டிவனத்தில் எந்தக் கொட்டகையில் படம் மாற்றினாலும் வெள்ளிக்கிழமை அவர் அங்கே இருப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் என்னை ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, கூட்டிக்கொண்டு போனதில்லை. அவர் பார்த்த படமெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. படத்தின் பேரால் இல்லை. சீனு பிறந்து நான் பாயில் கிடந்தபோது போன படம். மழையில் சுவர் விழுந்தபோது போன படம். என் அம்மா செத்த சேதி வந்து, ஆள் அனுப்பிக் கூப்பிட்டும், இடைவேளை விட்ட பிறகு எழுந்து வந்த படம். என் கையில் எண்ணெய் கொட்டின அன்று போன படம். குடத்துத் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போன மறுவருஷம், மில்லில் நெல் காயவைத்த கூலியில் ஒரு பிளேயர் வாங்கினேன். பிறகு கையில் கூலி தங்கினபோதெல்லாம் ஒரு சிடி. கடைக்காரர் ‘என்ன படம்மா வேணும்?’ என்பார். பேர் தெரியாது. கதையைச் சொல்லுவேன். சீனுவின் அப்பா சிநேகிதர்களோடு வாசலில் உட்கார்ந்து பேசும்போது என் காதில் விழுந்த கதை. கடைக்காரர் யோசித்துத் தேடி எடுப்பார். இப்படி, என்னை விட்டுவிட்டு அவர் பார்த்த படத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டுவந்து என் அலமாரியில் உட்காரவைத்தேன்.

அவர்கள் அதை சினிமா என்கிறார்கள். எனக்கு அது வசூல்.

16.3, ஞாயிறு

வியாழக்கிழமை ஆர்த்தி சமாதானத்துக்கு வந்தாள். “என்ன படம் வேணும் சொல்லு ஆயா, டிவில போட்டுத் தர்றேன்.” எண்ணெய் கொட்டின படத்தின் கதையைச் சொன்னேன். கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிட்டாள். பாதி பார்த்தோம். சித்ராவுக்கு சீரியல் வந்துவிட்டது. எழுந்துவிட்டோம்.

இன்று மிச்சத்தைப் போடு என்றேன். போனை விரலால் தள்ளினாள், தள்ளினாள், தள்ளிக்கொண்டே இருந்தாள்.

“இல்ல ஆயா. எடுத்துட்டாங்க.”

“யாருடி எடுத்தது? வூட்டுக்குள்ள யாரும் வர்லியே.”

“கம்பெனிக்காரங்க. அந்தப் படத்த காட்டறதுக்கு அவங்களுக்கு இருந்த உரிமை முடிஞ்சிபோச்சாம்.”

“உங்கம்மா மாசாமாசம் பணம் கட்றாளே?”

“அது பாக்கறதுக்கு ஆயா. வச்சிக்கறதுக்கு இல்ல.”

அப்படிச் சொல்லு. வாடகை!

வாடகை என்னவென்று எனக்குத் தெரியும். கிளியனூரில் வாடகைக்கு இருந்தபோது ஓர் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்கணும். ஐப்பசி மழையில் ஒருநாள் ‘காலி பண்ணு’ என்றார். குழந்தைக்குச் சாக்கைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த ஆள் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. அதற்கப்புறம்தான் திண்டிவனத்தில் சின்னதாக இருந்தாலும் சொந்தச் சுவர் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

சித்ரா பணம் கட்டுகிறாள், ஆனாலும் அவளுக்குச் சொந்தமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். என் படத்தை எடுக்கணும் என்றால் மூட்டை கட்டித்தான் எடுக்கணும். எடுத்துவிட்டார்கள், சரி. ஆனால் மூட்டை போன இடம் எனக்குத் தெரியும்.

18.3, செவ்வாய்

கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு கெடார் பஸ் ஏறினேன்.

தூரத்திலிருந்தே தெரிந்தது. கொல்லை முழுக்கப் பளிச் பளிச்சென்று கறுப்புக் கண்ணாடியையும் மீறிக் கூசியது. கம்பு பால் பிடித்து நிற்கிறது. குச்சி நட்டு, கயிறு இழுத்து, சிடி ஓட்டையில் கோத்துக் கட்டியிருக்கிறான். எல்லாம் காற்றில் சுற்றுகின்றன. சீனு பிறந்தபோது போன படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குருவி உட்கார்ந்து கதிரைக் கொத்திக்கொண்டிருந்தது. பயமாவது ஒன்றாவது.

குருவி விரட்டத் தகரம் தட்டிக்கொண்டிருந்த குப்பம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “இன்னா யக்கா பாக்குற? மொதல்ல பயந்துச்சிங்க. இப்ப கிட்ட குந்திக்கினு மொகம் பாக்குதுங்க.”

நான் அவிழ்க்க ஆரம்பித்தேன். செல்வகுமார் மோட்டார் கொட்டாயிலிருந்து ஓடிவந்தான்.

“அத்தை! அத்தை! இன்னா பண்றீங்க? கதிரு பால் புடிக்கிற நேரம்!”

“என் பொருள எடுக்கறேன்.”

“கேட்டுத்தானே அத்தை எடுத்தேன்?”

“யாரக் கேட்ட?”

“சித்ராவ.”

“அப்படியா? நாளைக்கு நான் உன் மாமியார கேட்டுட்டு இந்தக் கொல்லைய எழுதி வாங்கிக்கட்டா?”

குப்பம்மாள் தகரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “கேளு யக்கா, நல்லாக் கேளு. தகரம் தட்ட இன்னொரு ஆளப் போடுன்னா, சிடியக் கட்டிக் கூலிய மிச்சம் புடிக்கிறாரு.”

“நீ சும்மா இரு குப்பம்மா, பேஜாரு பண்ணாத” என்றான். ஆனால் அப்புறம் அவனே அரிவாளும் சாக்கும் கொண்டுவந்து, எனக்கு எட்டாத கயிற்றையெல்லாம் அறுத்துக் கொடுத்தான்.

ஒன்றை மட்டும் நான் அவிழ்க்கவில்லை. சீனு, சித்ரா கல்யாண சிடி.

“இது?”

“இருக்கட்டும். அதப் பாத்தா குருவி கண்டிப்பா வராது.”

விழுப்புரத்தில் இறங்கினேன், மகன் வீட்டுக்குப் போகவில்லை. மூட்டையோடு அடுத்த பஸ் திண்டிவனத்துக்கு.

20.3

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியிடம் எப்போதும் ஒரு சாவி இருக்கும். வீடெல்லாம் பினாயில் வாசனை. பிளேயர் பரணில் கிடந்தது; டிவியையும் அவர் போட்டோவையும் மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

அண்டாவில் தண்ணீர் வைத்து, சோப்பு கலந்து, ஒவ்வொன்றாகக் கழுவி, பழைய வேட்டித் துணியில் ஒற்றி வைத்தேன். குருவி எச்சம், பனி, மண். பாஞ்சாலி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். “ஊர்ல பாத்திரம் கழுவுவாங்க. நீ ஒருத்திதான்க்கா சினிமாவ கழுவுற.”

பிளேயரை ரிப்பேர் கடை பிரான்சிஸ் துடைத்துக் கொடுத்தார். சிடிகளையும் போட்டுப் பார்த்தார். சிலது ஓடுகிறது. சிலது நொண்டுகிறது. சிலது ஓடவே இல்லை. வெயிலில் மேல்பூச்சு உரிந்துவிட்டதாம். சுவர் விழுந்த படம் போய்விட்டது. அம்மா செத்த சேதி வந்த படம் நொண்டுகிறது. எண்ணெய் கொட்டின படம் பிழைத்துக்கொண்டது.

“செத்தத தூக்கிப் போட்டுரட்டாம்மா?” என்றார் பிரான்சிஸ்.

“குடுங்க. என் பொருள் செத்தாலும் என் வூட்லதான் இருக்கும்.”

22.3, சனி

சீனு போனில் கத்தினான். நானும் கத்தினேன்.

“அம்மாவத் தனியா உட்டுட்டான்னு ஊர்ல பேச மாட்டாங்க?”

“பேசட்டும். அம்மா சொத்த குருவிக்குக் குடுத்தான்னும் சேத்துப் பேசட்டும்.”

“அது சொத்தாம்மா? வாடகைக்கு வர்றேன்னவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

“வூட்ல ஆள் இருக்குதுன்னு சொல்லு.”

வைத்துவிட்டான். நானும் வைத்துவிட்டேன். அவன்தான் முதலில் வைத்தான்.

6.4, ஞாயிறு

இதையும் எழுதத்தான் வேண்டும்.

சீனு என்னைக் கூட்டிப்போக காரோடு வந்தான். நான் எண்ணெய் கொட்டின படத்தை, அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. ‘முடியட்டும்’ என்றேன். கொஞ்ச நேரம் வாசற்படியில் நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தான்.

படத்தில் கெட்டவன் இருட்டில் கிணற்றங்கரைக்கு வருகிறான். யாருக்கும் தெரியாது. சீனு வாய்க்குள் சொன்னான்: “இப்ப நாய் கொலைக்கும் பாரு. அதுலதான் மாட்டிக்குவான்.”

நாய் குலைத்தது.

நான் படத்தை நிறுத்தினேன். “இத நீ எப்படா பாத்த?”

“சின்ன வயசுல.”

“எங்க? அப்ப நம்ம வூட்ல டிவியே இல்லியே.”

காலை மடக்கிக்கொண்டான். சின்னப் பிள்ளையில் திட்டு வாங்குவதற்கு முன்னால் இப்படித்தான் மடக்குவான்.

“கொட்டாய்லதான். அப்பா கூட்டிக்கினு போவாரு. வெள்ளிக்கெழம, வெள்ளிக்கெழம.”

“வெள்ளிக்கெழம உனக்கு டியூஷன்டா.”

“டியூஷனே கெடையாதும்மா. முறுக்கு வாங்கிக் குடுப்பாரு. ‘நீ மொதல்ல வூட்டுக்குப் போ, நான் பீடி குடிச்சிட்டுப் பின்னாடி வர்றேன்’ம்பாரு. உன்கிட்ட சொன்னா அப்புறம் கூட்டிக்கினு போக மாட்டேன்னாரு. எனக்கு எட்டு வயசும்மா. நான் இன்னா பண்ணுவேன்?”

என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் அவரிடம். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: ‘கூட்டம் தாங்கலடி. ஒரே ஒரு டிக்கெட்டுதான் கெடச்சிது.’ நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்பவில்லை என்றும் சொல்ல மாட்டேன். கூட்டமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டால் அடுப்பு ஊத லேசாக இருந்தது.

“எத்தினி டிக்கெட்டு வாங்குவாரு?”

“ரெண்டு.”

எண்ணெய் கொட்டின அன்றைக்கு முதலில் வந்தது சீனுதான், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. ‘டியூஷன்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க?’ என்று கொப்புளத்தோடு கேட்டேன். வாய்ப்பாடு என்றான்.

தலை நரைத்தவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதான். “அழாதடா, படம் பாக்கணும்” என்று ரிமோட்டை அழுத்தினேன். முடிகிற வரைக்கும் பார்த்தோம். கிளம்பும்போது, என்னைக் கூட்டிப்போக வந்ததை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

7.4

ரெண்டு டிக்கெட்டு. ரெண்டு. கெடச்சிக்கினேதான் இருந்துருக்குது.

14.4, திங்கள். சித்திரை முதல் நாள்.

எல்லோரும் வந்திருந்தார்கள். சித்ரா வடை சுட்டுக் கொண்டுவந்தாள், மாவு கொஞ்சம் நீர்த்திருந்தது, சொல்லவில்லை. சாப்பிட்ட பிறகு அவளாகவே, “அந்த நாய் கொலைக்கிற படத்தப் போடுங்க அத்தை, இவரு சொல்லிக்கினே இருக்காரு” என்றாள். போட்டேன். ஆர்த்தி போனைத் தூர வைத்துவிட்டுப் பார்த்தாள். வீடு வாடகைக்கு இல்லை என்று சீனு ஆட்களிடம் சொல்லிவிட்டான்.

செல்வகுமார் கம்பு அனுப்பியிருந்தான். வாங்கிக்கொண்டேன். அவனை விட்டுவிட்டேன். கேட்க வேண்டிய ஆளைக் கேட்காதது தப்பு, ஆனால் கயிற்றை அவனேதான் அறுத்துக் கொடுத்தான். சித்ராவை விட்டுவிட்டேன். வாடகைக்கும் சொந்தத்துக்கும் வித்தியாசம் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சீனுவை அன்றைக்கே விட்டுவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு முறுக்கைக் கொடுத்து அம்மாவிடம் பொய் சொல்லப் பழக்கினால் பிள்ளை என்ன பண்ணும்?

அவருடைய போட்டோ டிவிக்கு நேர் எதிரே மாட்டியிருந்தது. இத்தனை வருஷமும் மாலை போட்டுக்கொண்டு, என் கூலியில் வாங்கின படத்தையெல்லாம் ஓசியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர்கள் போன பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறிக் கழற்றினேன். சமையலறையில் மாட்டிவிட்டேன். அங்கே சத்தம் கேட்கும். படம் தெரியாது.

அவர் பெயரை இதுவரை வாயால் சொன்னதில்லை, எழுதினதும் இல்லை. அதே பெயரில் இருக்கிற ஊருக்கு பஸ்ஸில் போகணும் என்றால்கூட ‘உளுந்தூர்பேட்டைக்கு அந்தாண்ட ஒரு பெரிய ஊர் இருக்குதே, அங்க ஒண்ணு குடுப்பா’ என்றுதான் கேட்பேன். கண்டக்டர் சிரிப்பார். அவ்வளவு மரியாதை வைத்திருந்தேன்.

நான் மன்னிக்காதவர் ஒரே ஒருத்தர்.

விருத்தாசலம்.