அப்பாவின் படத்துக்குக் கீழே போட்ட ஆண்டு

அன்பு மருமகள் கௌசிகாவுக்கு,

கோணேசர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். நோர்வேக் குளிரில் நீயும் அப்படியே விட்டுக்கொண்டிருப்பாய் என்று, திருகோணமலைத் துறைமுகத்தின் முடிசூடாச் சக்கரவர்த்தியும் உன் ஒரேயொரு தாய்மாமனுமாகிய நான் நம்புகிறேன். உன் அம்மாவின் நடனத்தைப் பாராட்டி எடுத்த படத்தைச் சனிக்கிழமை நகர மண்டபத்தில் காட்டினார்கள். சனம் என்றால் அப்படியொரு சனம், குச்சவெளியிலிருந்து வெருகல் வரை ஒரு வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரிந்திராது. படத்தை எடுத்த ஜுமானா கெட்டிக்காரி. இராணுவ முகாம் வாசலில், காணாமல்போன தங்கள் ஆட்களைத் தேடி நின்ற பெண்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதை உன் அம்மா எப்படி நடனமாக்கினாள் என்று வடிவாகக் காட்டியிருந்தாள். சலங்கையும் பாட்டும் இல்லாத அந்த ஆட்டத்தை முதன்முதல் பார்த்தபோது, பெட்டைகள் கிண்ணியா பஸ்ஸுக்கு நிற்கிறார்களாக்கும் என்று நினைத்தவன் நான். இந்தமுறை எனக்கே விளங்கியது.

பிறகு திரையில் நீ வந்தாய். அப்பா இறந்த துக்கத்தைத்தான் அம்மா ஆடினா என்றாய். அடுத்து உன் அப்பாவின் படம், மாலையோடு, கீழே இரண்டு ஆண்டுகள். பிறந்தது ஒன்று, இறந்தது ஒன்று. பிள்ளை, இராகுலனை ஆரோ வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன நாளிலிருந்து, இருக்கிறாரோ இல்லையோ என்று தெரியாத இந்த வீட்டில் அவர் படத்துக்கு ஒருவரும் பூ வைத்ததில்லை. மண்டபம் முழுக்க உன் அம்மாவின் நெற்றிப் பொட்டைத்தான் பார்த்தது. அவள் என் காதுக்குள், "அண்ணை, நான் செத்தவீட்டுக்கே வந்தனான்?" என்றாள். பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டார்கள். போய் வாங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் விடியவே முன்வீட்டுப் புஷ்பவதி சீனியும் தேயிலையுமாகத் துக்கம் கேட்க வந்துவிட்டா. "இவ்வளவு காலமும் எங்களுக்கு மறைச்சுப்போட்டியளே" என்று ஒரே அழுகை. அவவுக்குப் பின்னால் ஐயர், செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு நாள் பார்க்கட்டோ என்று. மூவுலகப் படைகளையும் மறிப்பவன்போல வாசலில் கை விரித்து நின்றேன், ஏலவில்லை. உன் அம்மா எல்லாரையும் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். ஒருவரிடமும் மறுத்துச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயம். அவர்கள் போன பிறகு என்னைக் கேட்டாள்: "என்ரை பிள்ளை சும்மா ஆண்டு சொல்லமாட்டாள். அங்கை ஆரோ அவளுக்கு ஏதோ சொல்லியிருக்கினம், என்னண்ணை?" ஜுமானாவிடம் விசாரித்தேன், ஆண்டு நீ கொடுத்ததுதான் என்றாள். அன்று தொடக்கம் உன் அம்மா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். தானாக எடுத்துக் கேட்கமாட்டாள், பதில் வந்துவிடும் என்ற பயம். நான் எடுத்தால் பகிடி விட்டே கதையை முடித்துவிடுவேன், அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதி, தொலைபேசியில் படமெடுத்து அனுப்புகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நூறு வயது வாழவேணும், எங்கள் வயதிலும் கொஞ்சம் எடுத்துக்கொள். அப்பாவைப் பற்றி உனக்கு ஏதும் தெரிந்திருந்தால் பிளேன் ஏறி வந்து அவளின் முகத்துக்கு நேரே சொல்லு. தெரியாதென்றால், படம் வெளிநாடுகளுக்குப் போகமுன் அந்த ஆண்டை எடுக்கச் சொல்லு. இரண்டுமில்லாமல் அவளை விட்டுவிடாதே, பிள்ளை.

உன் மாமா,
இராசையா