அவினோ அம்மா

அவினோ அப்பாவுக்கு,

மீன் சட்டியில் இருக்கிறது. உகாலிக் களியை மூடிவைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு அதியாம்போவிடம் கொடுங்கள், சின்னவன் ஒச்சியெங் பள்ளி விட்டு வருவான்.

அவினோவை முதுகில் கட்டிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போகிறேன். ஏழு வயதாகிவிட்டது, கனக்கத்தான் கனக்கிறாள். நடக்காத பிள்ளைக்கு இடமில்லை என்று தலைமையாசிரியர் வாயால் சொன்னதை, அங்கே யாராவது எழுத்தில் தரட்டும். இவளைப் போன்ற பிள்ளைகளின் அம்மாக்கள் நான்கு பேர் கூட வருகிறார்கள். சாயங்காலம் எல்லாருக்கும் இங்கேதான் டீ.

நேற்று உங்கள் அண்ணன் முன்னால் என்னை "ஒச்சியெங் அம்மா" என்றீர்கள். நம்மில் தலைப்பிள்ளை பெயரால்தானே தாயைக் கூப்பிடுவது? வேறு யாரையோ கூப்பிடுகிறீர்கள் என்று நான் திரும்பவே இல்லை.

இவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டு, "அவினோ அம்மா! ஏய், அவினோ அம்மா! கஞ்சி கொண்டாந்திருக்கேன், எட்டிப் பாரு!" என்று கத்தினீர்களே. வார்டே சிரித்தது. என்னை முதன்முதலில் அப்படிக் கூப்பிட்டது நீங்கள்தான்.

பி.கு.: இரண்டு நாற்காலி இரவல் வாங்கிவையுங்கள்.

இன்னொன்று: வந்து கதவைத் தட்டுவேன். "யாரு?" என்று கேட்காதீர்கள், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். முதுகிலிருந்து அவளும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.