தாளிக்காத நாட்கள்

அகரம்,
சித்திரை, 1958

லண்டனில் இருக்கும் உங்களுக்கு,

நலம் என்று எழுதித் தொடங்க இந்தத் தடவை கை வரலை.

உங்க கடிதம் வந்தது. ஆராய்ச்சிக்கூடத்து முயலுக்குக் காது வீங்கினதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதா எழுதியிருந்தீங்க. உடம்பு நோயோட சண்டை போடுறதாலதான் வீங்குது, அது நல்ல அடையாளம்னு. பாப்பா முகம் வீங்கினப்ப நானும் அதைத்தான் நினைச்சுக்கிட்டேன்.

வாசல்ல வேப்பிலை செருகினோம். அம்மை இறங்கி, தலைக்கு மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் தாளிக்கக் கூடாதுல்ல. கஞ்சியோடவே இருந்தோம்.

கப்பல் ஏறுறதுக்கு முன்னால தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் நீங்களே அம்மை குத்தினீங்க. அன்னைக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல். "இவளுக்குத் திரும்பி வந்து குத்திக்கலாம்"னு சொன்னீங்க. அந்தப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் வரலை. கையில ஆளுக்கொரு தழும்போட வாசல்ல வந்து நின்னு அவளை விளையாடக் கூப்பிட்டாங்க. "எனக்கு மட்டும் ஏம்மா தழும்பு இல்ல?"ன்னு கேட்டா. அப்பா வந்து வைப்பாங்கன்னு சொன்னேன்.

ஆராய்ச்சி முடிய இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்னு எழுதியிருக்கீங்க. இருந்து முடிச்சிட்டே வாங்க. அவசரமா வர வேண்டிய காரியம் இங்க ஒண்ணுமில்லை.

நேத்து பக்கத்து வீட்டு ஜக்கம்மாள் அக்கா வந்து வேப்பிலையை எடுத்துட்டாங்க. மூணு தண்ணி ஊத்தாமலே எடுத்தாச்சு. இனிமே தாளிக்கலாம்னு சொல்றாங்க. எனக்குத்தான் அடுப்படிக்குப் போகத் தோணலை.

இப்படிக்கு,
பாப்பாவோட அம்மா