ஆண் 7, பென்னலூர்

செப்டம்பர் 28, 2025
மணிமங்கலம் ஏரிக்கரை. நேற்றைய மழைக்கு ஆண் தவளைகள் மஞ்சளாகி வெறிபிடித்துக் கத்தின. ஒருத்தியின் மேல் நான்கு பேர். உதைத்து, கடித்து, அவளைத் தண்ணீரில் அமுக்கியே கொன்றார்கள். செத்த பிறகும் ஒருவன் பிடியை விடவில்லை.

சில ஆண்களுக்கு ஊசி போட்டு விந்து எடுத்தேன். நேற்று பென்னலூர், இன்று இங்கே.

செப்டம்பர் 30
விந்தணுவின் தலையிலுள்ள புரதம் ஆணுக்கு ஆண் கொஞ்சம் மாறுகிறது. அதனால் ஒரே தாயின் முட்டையில் ஒருவனுடையது ஒட்டும், இன்னொருவனுடையது வழுக்கிவிடும். என் ஆராய்ச்சியே இதுதான். வீட்டில் இது எடுபடாது. பிள்ளை இல்லை, அதனால் குறை எனக்கு. எத்தனை சோதனை எனக்கு! என் கணவன் ரகுவுக்கு ஒன்றுகூட இல்லை. “ஆம்பளைக்கு இன்னாத்துக்கு டெஸ்ட்டு?” என்கிறார் அவன் அம்மா, என் அத்தை.

நாளை ஆயுத பூஜை. மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைத்து ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார்கள். விந்துக் குழாய்களை வீட்டு ஃபிரிட்ஜில் ஒளித்தேன். தவளைச் சமாச்சாரம் என்றால் அத்தை வீட்டையே கழுவிவிடுவார்.

அக்டோபர் 1
கம்பெனி பூஜை முடிந்து ரகு குடித்துவிட்டு வந்தான். சோடா எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தான். குழாய்களில் என் கையெழுத்து: விந்து – ஆண் 4, மணிமங்கலம். விந்து – ஆண் 7, பென்னலூர்.

“யாருடி இவனுங்க? ஊர் ஊரா போயி வாங்கினு வந்துகிறியா?”

தவளை என்றேன்.

“என்னாண்டயே கத வுடறியா?”

என் கையை உள்ளே வைத்துக் கதவை அடித்தான். மறுபடி. மறுபடி. பைக்குக்குச் சுற்றி உடைக்க வைத்திருந்த பூசணிக்காயைத் தூக்கி என் தோளில் — அத்தை பார்த்துக்கொண்டே நின்றார். குழாய்களைக் கீழே போட்டு மிதித்தான்.

சோடா பாட்டிலால் அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்தது. சந்தோஷமா இருந்துச்சு. ஐயோ, நெஜமாவே சந்தோஷமா இருந்துச்சு. உடையாமல் கிடந்த ஒரே குழாயை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அக்டோபர் 2
மறைமலை நகர். கூட ஆராய்ச்சி செய்யும் எழிலரசியின் அறை. விரல்களில் கட்டு. இடது கையால் எழுதுகிறேன்.

அக்டோபர் 4
ஆய்வகத்தைத் திறந்துவிட்டார்கள். மிஞ்சியவன் பென்னலூர் 7. அவன் விந்தில் முட்டைகள் கருப்பிடித்துவிட்டன. எழிலரசி பிடித்துவந்த வேறொரு ஆணின் விந்தில், அதே தாயின் முட்டைகள் வெளிறிக் கிடக்கின்றன.

“உம்மேல ஒரு கொறையும் இல்லடி” என்று அந்தத் தாய்த் தவளையிடம் சொன்னேன். எழிலரசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாலை மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம்.

ஜூன் 14, 2026
அத்தை போன் செய்தார். “மதி, அவனுக்கு வேற பொண்ணு பாத்தோம். அந்த வூட்ல டெஸ்ட்டு கேட்டாங்க. கொற இவன்கிட்டதான் கீதாம். நீ படிச்சவ, இன்னா மருந்துன்னு பாத்து சொல்லும்மா.”

“எனக்குத் தவளையப் பத்திதான் தெரியும் அத்தை.”

வைத்துவிட்டேன். சுண்டுவிரல் இன்னும் மடங்கவில்லை. வெளியே நல்ல மழை. ஏரிக்குக் கிளம்ப வேண்டும்.