இடது கை மீசை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் நலம். போனையும் இணையத்தையும் முடக்கிவிட்டார்கள். அதனால்தான் பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு முதல் முறையாக உனக்குக் காகிதத்தில் எழுதுகிறேன். விமானத்தில் வேலை செய்யும் என் தோழி கொண்டுவந்து கொடுப்பாள். பதிலை நீ வேலை பார்க்கும் தூதரகத்தின் தபால் பையில் போட்டுவிடாதே, அவளிடமே கொடு.

போன வாரம் பெரியவர் பதவி விலகிய செய்தியைத் தொலைக்காட்சியில் சைகை மொழியில் சொன்னது நான்தான். திரையின் மூலையில் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நின்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெளியே வந்தால் தெருவே சதுக்கத்தை நோக்கி ஓடுகிறது. முன்பின் தெரியாத ஓர் அம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "போயிட்டான் பாரு!" என்றாள். பேருந்து ஓட்டுநர் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

ஒரு டீ குடிக்கும் நேரம்கூட அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. அடுத்த தலைவர் யார் என்று அறிவித்தார்கள். பெரியவரின் மருமகன்! ஹாரன் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து, "இதுக்கா இத்தனை நாள் வெயில்ல நின்னோம்?" என்று என்னைக் கேட்டார், ஏதோ நான்தான் நியமித்தது போல. வீட்டுக்குக் கிளம்பியவர்களும் அப்படியே திரும்பிச் சதுக்கத்துக்கே நடந்தார்கள்.

நம் அப்பா தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு தினமும் அங்கேதான் இருக்கிறார். அவரைப் போலக் காது கேளாதவர்கள் நீரூற்றுப் பக்கம் உட்காருகிறார்கள். அங்கே இவர் வைத்ததுதான் சட்டம். புதியவருக்கும் சைகையில் ஒரு பெயர் வேண்டுமே? பெரியவருக்கு வலது கையால் மீசை முறுக்குவதுதான் பெயர் என்பது உனக்குத் தெரியும். அப்பா இடது கையால் முறுக்கிக் காட்டினார். அதே மீசை, கை மட்டும் வேறு. மருமகன் முகத்தில் ஒரு முடிகூடக் கிடையாது என்பதுதான் அதில் வேடிக்கை. வீட்டில் நாள் முழுக்க இதே பேச்சு.

பேசிப் பேசிக் கைக்குப் பழகிவிட்டது. பதவியேற்பு நேரலையில் அவர் பெயர் வந்ததும் என் இடது கை தானாக மேலே போய்விட்டது! நிலையத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. காது கேளாதவர்கள் வீடு வீடாகச் சிரித்திருக்கிறார்கள். இன்று சதுக்கம் முழுக்க, காது நன்றாகக் கேட்கிறவர்களும் போலீஸ்காரர்கள் எதிரில் நின்று இல்லாத மீசையை முறுக்குகிறார்கள். பெண்களும்தான். சத்தமே இல்லை. என்ன குற்றம் என்று பிடிப்பார்கள்?

பயமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் வருகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். அப்பாவைக் கொஞ்சம் இழுத்துப் பிடி. பின்னால் வண்டி வந்தால் அவருக்குக் கேட்காது.

மருமகனை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் அக்கா. போன வருடம் இந்தத் தூதரகத்துக்கு வந்தபோது என் தோளில் கை போட்டு, "வீட்டுல யார் யார் இருக்காங்க?" என்று கேட்ட மனிதர். கொஞ்ச நாள் கொடுத்துப் பார்க்கலாமே. நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது.

இப்போது நல்ல செய்தி. சதுக்கத்தின் வீடியோவை ஊரிலிருந்து மேலிடத்தில் எங்களுக்கு அனுப்பி, "இந்தச் சைகைக்கு என்ன அர்த்தம், யார் ஆரம்பித்தது?" என்று கேட்டார்கள். உங்கள் நிலையத்தின் மேல் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. எனக்குச் சைகை மொழி தெரியும் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. உண்மையை எழுதினால் உன்னைத் தூக்கிவிடுவார்கள். அதனால், 'படிக்காதவர்களின் பொருளற்ற கையாட்டல், எந்த மொழியிலும் சேராது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி உன் பக்கம் ஒருவரும் திரும்பமாட்டார்கள். நிம்மதியாகத் தூங்கு.

உன் அன்புத் தம்பி

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே உன் அறிக்கை வந்துவிட்டது. மாலைச் செய்தியில் 'தூதரகச் சைகை மொழி நிபுணர்' என்று உன் பெயரோடு வாசித்தார்கள். மூலைக் கட்டத்தில் நின்று அதைச் சைகையில் சொன்னது நான். 'படிக்காதவர்களின் பொருளற்ற கையாட்டல்.' அதைச் சொல்ல என் கைதானா கிடைத்தது? சதுக்கத்துப் பெரிய திரையில் அப்பா பார்த்துக்கொண்டிருந்தாராம்.

எனக்காகத்தான் செய்தாய். உன் மேல் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது. ஆனால் அப்பா வீட்டுக்கு வந்து, மெஷின் முன்னால் உட்கார்ந்து, துணியே இல்லாமல் மிதித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"ஆஸ்பத்திரி, பேங்க், உங்க பள்ளிக்கூடம், போன இடமெல்லாம் என்னமோ கையை ஆட்டுறான்னுதான் சொன்னாங்க. அவங்களுக்குத் தெரியாது, விட்டுட்டேன். இவனுக்குத் தெரியுமே! இவன் முதல் வார்த்தையே என் மடியில உக்காந்து கையால சொன்னதுதானே? நான் சொன்ன ஒரு வார்த்தையை இன்னிக்கு ஊரே சொல்லுது. யார் சொன்னதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லட்டும். ஜெயில்ல போட்டா போடட்டும், அங்கயும் சட்டை தைக்க ஆள் வேணுமில்ல?"

என்னைக் காப்பாற்றத்தான் எழுதினான் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திரும்பிக்கொண்டால் பேச்சு முடிந்தது, நமக்குக் கத்தவும் வழியில்லை. அதற்குப் பிறகு உன் பெயருக்கான சைகையை அவர் செய்வதே இல்லை.

உன்னை எதுவும் செய்யச் சொல்லி இதை எழுதவில்லை. உன் வேலையைப் பார். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 22

அக்கா,

உன் கடிதத்தை மேசைக்குள் வைத்துவிட்டு வேலையைத்தான் பார்த்தேன். வேலை ஓடவில்லை.

இன்று நம் ஊர்க்காரர்கள் தூதரக வாசலில் கூடி இடது கையால் மீசை முறுக்கினார்கள். சமாதானம் பேசச் சொல்லி மேலதிகாரிகள் என்னை அனுப்பினார்கள். ஒரு சேனல்காரர் மைக்கை நீட்டி, "இதுக்கு அர்த்தமே இல்லையாமே?" என்றார். வாயைத் திறப்பதற்குள் கை வந்தது. அதே மீசை, கை மட்டும் வேறு என்றேன். இதைச் சொன்னவர் என் அப்பா, தையல்காரர் என்றேன். அறிக்கை பொய், எழுதியவன் நான் என்றேன். பிறகு அதையெல்லாம் வாயாலும் சொன்னேன்.

தோளில் கை போட்டவரின் அலுவலகம் மாலைக்குள் என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. உன் பெயரை நான் சொல்லவில்லை. ஆனாலும் உன்னைத் தேடி வருவார்கள். என்னை மன்னித்துவிடு.

ஊருக்கு வரட்டுமா? அப்பா என் முகத்தைப் பார்ப்பாரா? கேட்டுச் சொல். என் மனசு நோகுமே என்று பூசி மெழுகாதே, அவர் சொல்வதை அப்படியே எழுது.

தம்பி

மார்ச் 28

என் தங்கத் தம்பிக்கு,

வெளிநாட்டுச் சேனலில் உன்னைப் பார்த்தோம். மாடி வீட்டுக்காரர்கள் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துப்போனார்கள். முதலில் குறைதான் சொன்னார். "விரல் ரொம்ப இறுகிப் போச்சு. கோட்டு தோள்பட்டையில பிடிக்குது, எவன் தைச்சான்?" மறுபடி காட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அங்கே இருந்த ஒவ்வொருவரிடமும் போய் உன் பெயரைக் கையால் சொல்லி, "என் பையன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா பேசுவது புரியவில்லை. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்று தொலைக்காட்சி நிலையத்துக்கு ஒருவரை அனுப்பினார்கள். நிலையத்தில் இருப்பது நான் ஒருத்திதானே! விசாரித்துக்கொண்டு போனவர், அடுப்படியில் நின்ற என்னிடமே திரும்பி வந்தார்.

"யார் ஆரம்பிச்சது?"

"நான்தான்."

"ஏன்?"

"மீசை ஒண்ணுதானே, அதான்."

அப்பா சொன்னதில் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த நேரலைச் சைகை யாருடையது என்றும் கேட்டார்கள், என்னுடையது என்றேன். எழுதிக்கொண்டு போனார்கள். மாலையில் என் வேலை போய்விட்டது. மருமகன் இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறார். சதுக்கமும் கலையவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். என்னைக் கேட்டால், வராதே. விமான நிலையத்திலேயே ஆட்களைப் பிடிக்கிறார்கள், என் தோழி கண்ணால் பார்த்திருக்கிறாள். எங்கேயோ நன்றாக இரு, எனக்கு அது போதும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆனால் நீ கேட்கச் சொன்னது அப்பாவை. விமான நிலையத்து விஷயத்தையும் சேர்த்துச் சொல்லித்தான் கேட்டேன். பதில் சொன்னார். புரியாதது போல நின்றேன். மறுபடி சொன்னார். அவர் சொல்வதை மாற்றிச் சொல்ல எனக்கு வராது தம்பி.

"வா" என்றார்.

உன் அக்கா